விட்டு விட்டு எரியும் லைட்

"பாய், மறுபடியும் இன்ஜின் லைட் எரியுது" என்று டிரைவர் பெருமாள், ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிச்செல்லும் வேனைக் கொண்டுவந்து நிறுத்தியதும் மெக்கானிக் நிசார் அஹமதுவுக்குச் சலித்துப் போனது. டீசல் டேங்கைக் கழுவியாச்சு, ஃபில்டர் மாத்தியாச்சு, சென்சாரும் புதுசு. ஸ்கேனரோ, சென்சார் ஒயர் கழண்டிருந்தது என்றே ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டிருந்தது. கம்பெனி மேனேஜர் வேறு, "பாய்க்குத் தொழில் மறந்துபோச்சா?" என்று கேட்டுவிட்டார்.

பேஜாராகி, மறுநாள் காலை நிசாரே வேனில் ஏறிக்கொண்டார்.

மாதனூரில் மற்ற பெண்களெல்லாம் ஏறிய பிறகும் பெருமாள் வண்டியை எடுக்கவில்லை. கடைசியில் பாரதி மூச்சிரைக்க ஓடிவந்து ஏறினாள். ஆம்பூர் வரைக்கும் லைட் எரியவே இல்லை.

கம்பெனி கேட்டுக்குச் சற்று முன்னால் வேனை ஓரங்கட்டிய பெருமாள், இன்ஜின் ஓடும்போதே பானெட்டைத் திறந்து, சென்சார் ஒயரைப் பிடுங்கித் திரும்ப மாட்டினான். லைட் பளிச்சென்று எரிந்தது.

"இன்னாய்யா பண்றே?"

"ஆள் லேட்டுன்னா கேட்லயே திருப்பி அனுப்பிடுவாங்க பாய். வண்டி ரிப்பேர்னா எல்லாரையும் உள்ளே விட்ருவாங்க. பாவம், பாரதி கைக்குழந்தைக்குப் பால் குடுத்துட்டு வரணுமில்ல?"

நிசார் பின்சீட்டுப் பக்கம் திரும்பினார். "புள்ளைக்கு எத்தினி மாசம்மா?"

"நாலு மாசம் பாய்."

கேட்டில் மேனேஜர் காத்திருந்தார். "இன்னா பாய், எப்பதான் சரியாவும்?"

"பெரிய கோளாறு சார்" என்றார் நிசார். "இன்னும் ஒரு எட்டு மாசத்துக்கு இப்படித்தான் விட்டு விட்டு எரியும்."