கேபிளுக்கு வைத்த பொட்டு

தோண்டி எடுத்த கேபிள் ஜாயின்ட்டின் கறுப்பு உறையை ஆர்ஷா நெம்பித் திறந்ததும், உள்ளே இளமஞ்சளாக ஒரு கறை தெரிந்தது.

பக்கத்தில் நின்ற அவளுடைய மேலதிகாரி ஸ்ரீகண்டனின் ஆள்காட்டி விரல் தானாக மடங்கிக்கொண்டது.

கரமனைப் பக்கம் பூமிக்கடியில் இரண்டு மின்கேபிள்களை இணைத்துக்கொண்டு நான்கு வருஷம் சமர்த்தாகக் கிடந்த ஜாயின்ட் அது. போன வாரம் சோதனைக் கருவியை வைத்தபோது கடுகு பொரிகிற மாதிரி சத்தம் கேட்டது. வெடித்துத் தொலைப்பதற்குள் தோண்டி லேபுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

ஆர்ஷா வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எதையும் பாதியில் விடுகிற சுபாவமில்லாத பெண். லென்ஸை இழுத்து வைத்துப் பார்த்தாள். கறையின் விளிம்பிலிருந்து வெள்ளைப் பிளாஸ்டிக்குக்குள் கறுப்புக் கிளைகள் இறங்கியிருந்தன, இலை உதிர்ந்த முருங்கை மாதிரி.

அழுக்கு இருக்கிற இடத்தில் மயிரிழை அளவு காற்று தங்கிவிடும். மின்சாரம் இருக்கிற வரைக்கும் அந்தக் காற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத பொறி தட்டிக்கொண்டே இருக்கும். ஒரு பொறியால் ஒன்றும் ஆகாது. ராப்பகலாகத் தட்டினால் எப்பேர்ப்பட்ட பிளாஸ்டிக்கும் மூப்படைந்து அரித்துப்போகும்.

புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் இதை வகுப்பெடுப்பவரே ஸ்ரீகண்டன்தான். வியர்வைக் கை பட்டால்கூட ஆகாது என்பார்.

“சாரே, இது சந்தனமாக்கும்” என்றாள் ஆர்ஷா.

சந்தனமேதான். வைத்தவரும் அவரேதான்.

நான்கு வருஷத்துக்கு முன், புது லைனின் முதல் ஜாயின்ட் அது. தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, தடபுடலாகப் பூஜை நடந்தது. முன்னால் நின்று நடத்தியவர் ஸ்ரீகண்டன். அக்ரஹாரத்து மனுஷர், பக்திக்குக் கேட்கவா வேண்டும்? பூஜை முடிந்த கையோடு வேலை நடக்கும் கூடாரத்துக்குள் குனிந்து நுழைந்தார். சீவித் துடைத்துப் பளபளவென்றிருந்த கேபிளைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. புது வண்டிக்கு வைப்பதுபோல ஒரு பொட்டு வைத்தார். படித்த படிப்பெல்லாம் அந்த நிமிஷம் எங்கே போய்த் தொலைந்ததோ!

கூடாரத்துக்குள் அப்போது இருந்தது அவரும், ஜாயின்ட் போட்ட ஜெஸ்லினும் மட்டும்.

அந்த ஜெஸ்லின் இப்போது லேபின் கதவோரம் நிற்கிறான். மார்த்தாண்டத்துக்காரன். தலை நரைக்கிற வரைக்கும் இந்த ஒரு வேலையைத்தான் செய்திருக்கிறான். ஜாயின்ட்டுக்குள் அழுக்கு இருந்தால் போட்டவன் தலையில்தான் விடியும். அப்புறம் அவனைக் கேபிள் பக்கமே விடமாட்டார்கள். இது அங்கே எல்லோருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

சொல்லிவிடலாம் என்று ஸ்ரீகண்டன் வாயைத் திறந்தார். நான்தான் என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதானே. நாக்கு எழவில்லை. தன் மகள் வயதுப் பெண்ணிடம், வகுப்பெடுத்த அதே வாயால் எப்படிச் சொல்வது? அவமானம் பிடுங்கித் தின்றது.

ஆர்ஷா ஜெஸ்லினைத் திரும்பிப் பார்த்தாள். புருவம் சுருங்கியது.

“ஜெஸ்லின் அண்ணன் பெந்தெகொஸ்தே சபையாக்குமே. பிரசாதம் கையால தொடமாட்டாரே. பின்ன இது ஆரு வச்சது?”

அவள் பார்வை லேபை ஒரு சுற்றுச் சுற்றி, ஸ்ரீகண்டனின் நெற்றியில் வந்து நின்றது. காலையில் குளித்துவிட்டு இட்ட சந்தனம் இன்னும் கலையாமல் இருந்தது.

“நான்தான் மேடம்” என்றான் ஜெஸ்லின்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

“அன்னைக்குப் பூசையில சந்தனம் தந்தாங்க. வாங்கிப்போட்டேன். கையத் தொடைக்காம வேலையில எறங்கிட்டேன்.”

பொய் சொல்லிப் பழக்கமில்லாத குரல். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“சபையில அறிஞ்சா பிரச்சினை ஆவாதா அண்ணா?”

“ஆவும்.”

ஆர்ஷாவுக்கு மனசு ஒப்பவில்லை. பிறகு ஸ்ரீகண்டனிடம் கேட்டாள்: “அப்போ ஜாயின்ட் போட்ட ஆளோட தப்புன்னு முடிச்சிரட்டா சாரே?”

“சரி” என்றார் ஸ்ரீகண்டன். அந்த வார்த்தைக்கு மட்டும் நாக்கு எழுந்தது.

ஜெஸ்லின் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். அவர் பக்கம் பார்க்கவேயில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அன்று கூடாரத்துக்குள், அவர் பொட்டு வைத்த மறு நொடியே அவன் பதறிப்போய் ஈரத்தாளை உருவித் துடைக்கக் கை நீட்டினான். ஸ்ரீகண்டன் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

“ஸ்வாமி சந்தனம்டா அது. உன் கை அதுல படப்படாது.”