இன்னும் ரெண்டு நாள்

"உங்களுக்கு அப்புறம் குழந்தைய யார் பார்த்துப்பாங்க?" என்று உயில் எழுத வந்த சாருலதாவிடம் வக்கீல் கேட்டார். மகளைத் தனியாக வளர்த்துவந்த அவளுக்குத் தோழி ரெஜினாவின் பெயர்தான் வாயில் வந்தது. எழுதுவதற்கு முன் மகள் அவளிடம் ஒட்டுகிறாளா என்று பார்த்துவிடலாம் என, மகிழினியை விடுமுறைக்கு ரெஜினா வீட்டில் விட்டாள்.

அழைத்துவரப் போனபோது, மகிழினி ரெஜினாவின் முன்னால் உட்கார்ந்திருக்க, ரெஜினா அவளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். அம்மாவைத் தவிர வேறு யாரையும் தலையில் சீப்பு வைக்க விடாதவள் மகிழினி.

"போலாமா கண்ணு?"

"இன்னும் ரெண்டு நாள் இங்கயே இருக்கவாம்மா?"

"இரு," என்றாள் சாருலதா. அதைக் கேட்கத்தான் அவள் இத்தனை தூரம் வந்திருந்தாள்.

வாசலுக்கு வந்தபின் வண்டியைக் கிளப்ப மனம் வரவில்லை. உள்ளே இரண்டு பேரும் சிரிப்பது கேட்டது. ஒரே ஒருமுறை "அம்மா" என்று கூப்பிட்டுவிட மாட்டாளா என்று நின்றுகொண்டே இருந்தாள்.