பரம்பரைக் காது

தீ விபத்தில் இரண்டு காதுகளையும் இழந்த நரசிம்மனுக்குச் செங்கல்பட்டில் சிலிகோன் காதுகள் பொருத்தினார்கள். ஊரப்பாக்கம் வரும்வரை கார்க் கண்ணாடியில் அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"பாத்தியா ஏசுதாஸ்? என் தம்பி காதை அச்செடுத்துச் செஞ்சது. பரம்பரைக் காது! உங்க ஆளுங்களுக்கு இப்படி அமையுமா?"

"நல்லா கீது சார்," என்றார் டிரைவர்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நன்றி சொல்லத் தம்பிக்குப் போன் போட்டார்.

"மன்னிச்சுக்கண்ணா, அச்செடுக்க நான் வரவேயில்லையே! காதுல மாவை அப்புவாங்கன்னாங்க, பயந்துட்டேன்."

நரசிம்மன் மனைவியை முறைத்தார். "அப்ப இது யாரு காது?"

பிரபாவதி குரலைத் தாழ்த்தினாள். "சொந்தக்காரங்க ஒருத்தரும் வரல. கார்ல உக்காந்திருந்த ஏசுதாஸைத்தான் கெஞ்சிக் கூட்டிட்டுப் போனேன். உங்ககிட்ட சொல்ல வேணாம்னு அவருதான் சொன்னாரு."

அவமானத்தில் நரசிம்மனின் முகமெல்லாம் சிவந்தது. காதுகள் மட்டும் சிவக்கவில்லை.