பதினான்காவது ஷரத்து

பாடகி இரண்டு கடிதங்களை மேஜைமேல் வைத்து, எதிரே இருந்த மேலாளர் படிக்க வசதியாகத் திருப்பினாள்.

இரண்டும் அவர் எழுதியவை.

ஒரு காலத்தில் ராக் குழுவின் முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்தியவர். மேடையிலேயே கிதாரை உடைத்தவர். அது வாடகைக் கிதார் என்பது வேறு விஷயம். கூட்டம் குறைந்ததும் பாடலாசிரியர் ஆனார், தயாரிப்பாளர் ஆனார், கலைஞர்களின் மேலாளரும் ஆனார்.

கலைஞர்கள் என்றால் இவள் ஒருத்திதான். ஆனாலும் நிறுவனம் என்று ஒன்று இருந்தால் துறைகள் வேண்டாமா? மூன்று லெட்டர்ஹெட், மூன்று ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்திருந்தார்.

ஒப்பந்தத்தின் பதினான்காவது ஷரத்தும் அவர் மூளையில் உதித்ததுதான். மேலாளரை நீக்க வேண்டுமானால், அவர் லாயக்கில்லை என்று பாடலாசிரியரும் தயாரிப்பாளரும் எழுத்தில் தர வேண்டும். இனி யார் தன்னை அசைக்க முடியும் என்று அன்றைக்குத் தனக்குத்தானே கைகொடுத்துக்கொள்ளாத குறை.

"ஆல்பம் ஏன் லேட்டுன்னு போன வருஷம் கேட்டேன் சார். தயாரிப்புத் துறை பதில் போட்டுச்சு."

'மேலாளரின் மெத்தனமே காரணம்.' கீழே அவர் கையெழுத்து.

பாட்டு எங்கே என்று கேட்டதற்குப் பாடலாசிரியர் இன்னும் ஒரு படி மேலே போயிருந்தார். 'இப்படிப்பட்ட மேலாளரோடு வேலை செய்வது ஒரு படைப்பாளிக்கு நேர்ந்த சாபம்.'

வரி நன்றாக விழுந்திருந்தது. அவரே ஒரு கணம் தலையாட்டிவிட்டார்.

"அதெல்லாம் சும்மா எழுதினதும்மா."

"சும்மான்னா, லேட்டானது தயாரிப்பாளர் தப்புன்னு ஆகும். அப்ப அவரை அனுப்பணும். யாரை அனுப்பலாம், நீங்களே சொல்லுங்க சார்."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பார். எட்டு மாதமாக ஒரு மேடையும் ஏறாத பெண்ணின் நிதானம் அது.

பேனாவைத் தேடினார். அவளே மூடியைக் கழற்றி நீட்டினாள்.

மேலாளரை நீக்குவதாக அவள் எழுதி வந்த கடிதத்தின் அடியில் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, மேலாளர் ஸ்டாம்பை அழுத்தினார். பாதிதான் பதிந்தது. இன்னொரு முறை அழுத்தச் சொன்னாள். அழுத்தினார்.

"புது மேனேஜர் யாருன்னு கேக்கலாமா?"

கடிதங்களை ஃபைலில் வைத்து மூடிக்கொண்டு எழுந்தவள் வாசலைத் தாண்டி நின்று திரும்பினாள். அறைக்கு வெளியே 'சார்' கிடையாது. அதுவும் அவர் போட்ட விதிதான்.

"அம்மாதான். மூணு நிகழ்ச்சி பேசி முடிச்சுட்டாங்க. கீழ சாப்பாடு ஆறுது, வாங்கப்பா."