கறியிடம் கேட்ட உத்தரவு

மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் ஆடு உடம்பைத் துலுக்கினால்தான் சாமி சம்மதித்ததாக அர்த்தம். அதன் பிறகே வெட்டு. இந்த வருஷம் கருப்பசாமி முன்னால் ஆட்டுக்குப் பதில் ஒரு பெட்டி நிறையக் கறி இருந்தது. வேலம்மையின் அண்ணன் தவசி தன் கம்பெனித் தொட்டியில், ஆட்டின் செல்லிலிருந்து வளர்த்த கறி.

"உயிரக் கொன்ன பாவம் கிடையாது. ஆட்டுக்கறியில பாதி வெலதான்" என்றான்.

"அப்ப என் ஆடுகள இனிமே யாருண்ணே வாங்குவா? நேந்துவிட்ட கெடாவ என்ன செய்ய?"

வேலம்மை கிடாவின் கயிற்றைக் கையில் இறுகச் சுற்றிக்கொண்டாள்.

பூசாரி பழக்கதோஷத்தில் கறியின் மேல் தண்ணீரைத் தெளித்துவிட்டார். தெளித்தபின் உத்தரவு வராமல் நகர முடியாது. கூட்டம் கைகூப்பிக் கறியையே பார்த்து நின்றது. கறி அசையவில்லை. மறுபடியும் தெளித்தார். "உத்தரவு குடுய்யா" என்று கெஞ்சினார்.

"நல்லா கேளுங்க, சொல்லும்" என்றாள் வேலம்மை, வயிறெரிய.

கடைசியில் அவர் செம்புத் தண்ணீர் முழுவதையும் விசிறியடித்தார். தள்ளி நின்ற கிடாவின் மேலும் தெறித்தது. அது கொம்பு முதல் வால் வரை துலுக்கியது.

பெண்கள் குலவையிட்டார்கள். பூசாரி அரிவாளை எடுத்தார்.

வேலம்மை கிடாவின் முகத்தில் ஓங்கி அறைந்தாள்.

"ஒன்ன யாருலே கேட்டா?"