ஆறாவது கம்பம்

அர்ச்சுனன் வீசிய பிளாஸ்டிக் தட்டு கம்பத்துச் சங்கிலியில் படாமல் பார்க் வேலியோரம் போய் விழுந்தது. அதைக் குனிந்து எடுத்தவனின் முகத்தைப் பார்த்ததும் செல்லம்மாள் அர்ச்சுனன் பக்கம் ஒதுங்கினாள்.

"என்னங்க... எங்க அண்ணன்."

தீர்த்தகிரி தட்டைக் கையில் பிடித்தபடி அவர்களை நோக்கி நடந்து வந்தான். முகத்தில் தாடி மண்டியிருந்தது. கண்கள் சிவந்து கிடந்தன.

செல்லம்மாள் ஏரியூரை விட்டு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. வேறு சாதிக்காரனான டிரில் மாஸ்டர் அர்ச்சுனனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு கடத்தூரில் குடியிருந்தாள். "எங்க பாத்தாலும் ரெண்டு பேரையும் வெட்டிப் போட்டுருவேன்" என்று தீர்த்தகிரி பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் நின்று கத்தியதை ஊரே கேட்டது.

"ஓடாத" என்றான் அர்ச்சுனன், உதடு அசையாமல். "ஓடினா தொரத்துவாரு. ஆளுங்க நடமாடற இடந்தான, ஒண்ணும் பண்ண மாட்டாரு."

அவர்களோடு விளையாடிக்கொண்டிருந்த வெல்டிங் கடை அப்துல் சுபான், வந்தவன் யாரென்று தெரியாமல் சிரித்தார்.

"வாங்க தம்பி. தட்டு வீசறீங்களா?"

அந்த விளையாட்டு கடத்தூருக்கே புதிது. முன்பு ஓசூர் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தபோது ஒரு வெள்ளைக்கார இன்ஜினியரிடம் கற்றுக்கொண்டதை, அர்ச்சுனன் பஞ்சாயத்தில் கெஞ்சி அனுமதி வாங்கி இந்தப் பார்க்கில் கொண்டுவந்திருந்தான். ஆறு கம்பங்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் சைக்கிள் ரிம், ரிம்மைச் சுற்றிச் சங்கிலிகள், கீழே கம்பிக் கூடை. எல்லாம் அப்துல் சுபான் பற்றவைத்துக் கொடுத்தவை. தட்டு சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழ வேண்டும்.

"வீசுங்க மச்சான்" என்றான் அர்ச்சுனனும். அந்தக் கையில் தட்டு இருக்கும்வரை வேறெதுவும் வராது என்பது அவன் கணக்கு.

மச்சான் என்ற சொல்லுக்குத் தீர்த்தகிரியின் தாடை இறுகியது. ஆனாலும் வீசினான். தட்டு தாறுமாறாகப் பறந்து வேப்பமரத்தில் அடித்தது. அவன் அதைப் பார்க்கவே இல்லை. கழுத்தைத் திருப்பிப் பார்க் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆட்களை வெளியே நிறுத்தியிருக்கிறான் என்று செல்லம்மாளுக்குப் புரிந்தது. அவள் கணவனின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

நான்காவது கம்பத்தில் தீர்த்தகிரி முதல்முறையாக வாய் திறந்தான். "இந்தப் பார்க்குக்கு வேற வழி இருக்குதா?"

"பின்னால ஏரிக்கரைப் பக்கம் ஒரு சந்து இருக்குதுங்க தம்பி" என்றார் அப்துல் சுபான். செல்லம்மாள் அவரைப் பார்வையால் தடுப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

கடைசிக் கம்பம் அந்த ஏரிக்கரையை ஒட்டித்தான் இருந்தது. புதர் மண்டிய இடம். சறுக்குமரத்தில் விளையாடிய பிள்ளைகளின் சத்தம் இங்கே எட்டவில்லை. யாரும் தட்டை எடுக்கவில்லை.

"கல்யாணத்துக்கு ரிஜிஸ்டர் ஆபீசுல சாட்சிக் கையெழுத்து போட்டது யாரு?" என்றான் தீர்த்தகிரி.

செல்லம்மாள் அப்துல் சுபான் பக்கம் திரும்பாமல் இருக்கப் பெரும்பாடு பட்டாள். ஊரில் ஒருவரும் முன்வராதபோது, கடையைச் சாத்திவிட்டுத் தன் மனைவி அக்தர் பேகத்தையும் கூட்டிக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டவர் அவர்.

"யாரோ ஆபீசுல இருந்தவங்க போட்டாங்கண்ணா. பேரு தெரியாது."

"பொய் சொல்லாத செல்லா. கடத்தூர்க்காரருன்னு தெரிஞ்சுதான் வந்திருக்கேன். யாரு அது?"

"என்னைய என்ன வேணா பண்ணிக்க. அவங்கள விட்டுடு. பிள்ளகுட்டிக்காரங்க!"

அவள் வாய்விட்டு அழுதாள். அர்ச்சுனன் அவளைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னே வந்தான். அவனையும் விலக்கிக்கொண்டு அப்துல் சுபான் வந்து நின்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. வந்திருப்பது யார் என்று இப்போது அவருக்கும் தெரிந்துவிட்டது.

"நாந்தான் தம்பி போட்டேன். என்ன செய்யணுமோ எங்கிட்ட செய்யுங்க. அந்தப் பொண்ணு மேல கை வெக்காதீங்க."

தீர்த்தகிரி அவரை மேலும் கீழும் பார்த்தான். பிறகு கேட் பக்கம் திரும்பி, கையை உயரத் தூக்கி ஆட்டினான்.

செல்லம்மாள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். சருகுகள் நொறுங்க யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. நெருங்கி வந்து நின்றது. வெட்டு விழவில்லை. மூச்சிரைப்பு மட்டும் கேட்டது.

கண்ணைத் திறந்தாள். அண்ணனுக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். காலில் செருப்பு இல்லை. கசங்கிய புடவை, அழுது வீங்கிய முகம். ஏரியூரில் காலனித் தெருவைச் சேர்ந்த மாரியப்பனின் மகள்.

தீர்த்தகிரி தங்கையை நிமிர்ந்து பார்க்க முடியாமல், அப்துல் சுபானை நோக்கிக் கைகளைக் கூப்பினான்.

"எங்களுக்கும் ஒரு கையெழுத்து போடுவீங்களா, பாய்?"