ஆறு மாடி ஆரோக்கியம்

"லிஃப்ட்ல மட்டும் கால் வெச்சுப் பாரு, அப்புறம் என்னை மனுஷனாவே பாக்க மாட்டே!"

கணவர் போட்ட சத்தத்தில், அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கியிருந்த மகள், அம்மாவின் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டாள். எட்டு வயசு. இடது காலில் முழங்கால்வரை மாவுக்கட்டு. கால் தரையில் படவே கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"அவ எப்படிங்க ஆறு மாடி ஏறுவா? பறந்து போவாளா?"

"நான் தூக்கிட்டு வரேன்."

"நீங்களா?" அவள் கணவரின் தொப்பையை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களைத் தூக்கவே நாலு பேர் வேணும்!"

அவருக்கு இந்த ஆரோக்கியப் பித்து பிடித்து இரண்டு மாதம்தான் ஆகிறது. கட்டடத்தில் ஓட்டை லிஃப்ட்டை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டார்கள். குழந்தை குட்டியோடு எல்லாரும் ஏறி இறங்கிப் பூரித்துப்போன அந்த வாரத்தில், இவருக்கு மட்டும் ஞானோதயம். "இனிமே நம்ம குடும்பத்துல யாரும் லிஃப்ட்டைத் தொடக் கூடாது. படி ஏறினா இதயத்துக்கு நல்லது, மூட்டுக்கு நல்லது, ஜீரணத்துக்கும் நல்லது."

மனுஷன் திருந்திவிட்டார் என்று அவளும் முதலில் நம்பினாள், பாவம். "ராத்திரி சாப்பிட்டதும் எல்லாரும் சேர்ந்து கொஞ்ச தூரம் நடந்துட்டு வருவோமா?" என்று ஆசையாகக் கேட்டாள். கால் வலிக்கிறது என்று சோபாவில் சாய்ந்தார். டிவியை அணைத்துவிட்டுப் பெண்ணோடு பந்து விளையாடச் சொன்னாள். "அதுக்குத்தான் செல்போன்ல கேம் இருக்கே" என்றார். சிப்ஸ் பாக்கெட்டைப் பிடுங்கி வைத்ததற்கு ஒரு நாள் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். தெருமுனைக் கடைக்குப் போக பைக். ஆபீஸில் முதல் மாடிக்குக்கூட லிஃப்ட். ஐயாவின் ஆரோக்கியம் இந்தக் கட்டடத்துப் படிக்கட்டில் மட்டும்தான் குடியிருந்தது.

ஆனால் பேச்சுக்கு ஒன்றும் குறைச்சலில்லை. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் 'சுறுசுறுப்பான குடும்பம்' என்று அரை மணி நேரம் வெளுத்து வாங்கினார். அன்றிலிருந்து எல்லாரும் அவரைப் 'படிக்கட்டு சார்' என்றுதான் சொல்கிறார்கள். கேலி என்பது புரியாமல் அதிலும் அவருக்கு ஒரு பெருமை.

அவர் பேச்சை நம்பிய ஒரே ஜீவன் மகள்தான். அப்பாவிடம் 'சபாஷ்' வாங்க வேண்டும் என்று, நேற்று புத்தகப் பையோடு இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறி, நாலாவது மாடித் திருப்பத்தில் உருண்டாள். எலும்பு முறிந்ததுதான் மிச்சம்.

"அப்பா, நான் வேணா உக்காந்து உக்காந்தே ஏறிடறேன்பா. அம்மாவைத் திட்டாதீங்க."

அதைக் கேட்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆபீஸ் போனா நாற்காலி, வீட்டுக்கு வந்தா சோபா. அதுல குழந்தைக்கு உபதேசம்! ரெண்டு மாசமா காய்கறிப் பை, பால், மூட்டை முடிச்சு எல்லாம் தூக்கிட்டு ஏறினேன். என் முட்டி போனாப் போகுது. இவ காலையும் சேத்து முடமாக்காம விட மாட்டீங்களா?"

"சொன்னாக் கேளு..."

"கேட்டு கேட்டுத்தான் இந்தக் கட்டு!"

லிஃப்ட் கீழே வந்து நின்றது. மூன்றாவது மாடிப் பெண் கைக்குழந்தையோடு உள்ளே போனாள். பின்னாலேயே ஏறிய சங்கச் செயலாளர், கதவு மூடாமல் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டார். "வாங்கம்மா, குழந்தையை வெச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

அவள் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். கணவர் ஓடி வந்து இரண்டு கைகளையும் விரித்து வழியை மறித்தார். அவர் இவ்வளவு வேகமாக ஓடி அவள் பார்த்ததே இல்லை. முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது.

"சீ, வழி விடுங்க! நாலு பேர் பாக்கறாங்க. உங்க வறட்டு வீம்புக்கு ஒரு அளவே கிடையாதா?"

செயலாளர் சிரித்தார். "சார், உங்க ஆரோக்கியத்துக்கு இன்னிக்கு ஒரு நாள் லீவு குடுங்க. அம்மா, நீங்க தைரியமா ஏறுங்க. இந்த லிஃப்ட்டைச் சோதிச்சு, நல்லா இருக்குன்னு சர்டிபிகேட் குடுத்த ஆபீசரே உங்க வீட்டுக்காரர்தானே! சார் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நாங்க எல்லாரும் பயமில்லாம ஏறிட்டிருக்கோம்."

அவளுக்கு இது புதுச் செய்தி. ஆபீஸில் என்ன வேலை என்று எப்போது கேட்டாலும், 'உனக்குச் சொன்னாப் புரியாது' என்று வாயை அடைத்துவிடுவார். திரும்பிக் கணவரைப் பார்த்தாள். விரித்த கைகளை அவர் இன்னும் மடக்கவில்லை.

"சரி, புருஷன் பொண்டாட்டி பேசி முடிங்க. நாங்க போய் லிஃப்ட்டைக் கீழே அனுப்பறோம்" என்றார் செயலாளர். மூன்றாவது மாடிப் பெண் தன் குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டி, டாட்டா காட்ட வைத்தாள்.

கதவு மூடி, லிஃப்ட் மேலே கிளம்பும்வரை வாயைத் திறக்காமல் நின்ற கணவர், அதன் பிறகுதான் அவள் காதருகே குனிந்தார்.

"சத்தம் போடாதே... அந்த லிஃப்ட்டை நான் போய்ப் பாக்கவே இல்ல. ஆபீஸ்ல உக்காந்த இடத்துலயே கையெழுத்துப் போட்டுட்டேன்."